கிரயம் வாங்கிய வீட்டில் மறைந்திருக்கும் குறைகள்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்பது பழமொழி. வீடு கட்டுவோர் அடையும் சிரமத்தைப் பெரியோர் இவ்விதம் குறித்தனர். பிறர் கட்டிய வீட்டைக் கிரயத்துக்கு வாங்குவோருக்கு நேரும் சிரமமோ அதற்குக் குறைந்ததன்று. கட்டுவோர் அஸ்திவாரத்தின் ஆழத்தையும் உத்திரத்தின் வைரத்தையும் தம் கண்ணாலேயே காண்கின்றனர். வாங்குவோர் காண்பது புதிதாக அடித்த வெள்ளையும் மெழுகிய தரையுமே. வெள்ளைக்குப் பின்னால் உள்ளது முதல் மழைக்காலத்திலேதான் வெளிப்படும். அதற்குள் பத்திரம் பதிவாகிப் பணமும் கைமாறியிருக்கும்.

வாங்கும் முன் எச்சரிக்கை வேண்டும் என்பதைப் பலரும் அறிவர். வாங்கிய பின் குறை வெளிப்பட்டால் செய்ய வேண்டியது யாது என்பதை அறிந்தவர் சிலரே. அச்சத்தாலும் அவசரத்தாலும் செய்யும் காரியங்களால், வீட்டின் குறையினால் வரும் நஷ்டத்தைக் காட்டிலும் பெரிய நஷ்டம் உண்டாகிவிடுகிறது. அதைத் தவிர்க்கும் வழியே இப்பாடத்தின் விஷயம்.

ஓர் உதாரணம்

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் குடியானவர் ஒருவர் வீடு வாங்கியதாக வைத்துக்கொள்ளலாம். மண் சாந்து வைத்துக் கட்டிய கற்சுவர். மேலே ஓட்டுக் கூரை. தை மாதத்தில் கிரயம் முடிந்தது. பத்து வருஷச் சேமிப்போடு, மனைவியின் நகையை விற்ற பணமும் அதில் சேர்ந்தது. சித்திரையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடக் கண்டார். ஆடியில், கூடத்து உத்திரம் சுவரில் நுழையும் இடத்தில் விரல் அகல மண்கோடு ஒன்று தோன்றிற்று. ஐப்பசி மழையில் அடிச்சுவர் முழங்கால் உயரத்துக்கு நனைந்து, பூச்சு உப்பி உதிரலாயிற்று.

வந்து பார்த்த கொத்தனார், எல்லாவற்றையும் செப்பனிடக் கிரயத் தொகையில் நாலில் ஒரு பங்கு செலவாகும் என்றார். சுவர் முழுவதும் சிமிண்டு பூசி, வெள்ளையடித்து, வீட்டை வேறொருவர் தலையில் கட்டிவிடலாம் என்பது உறவினர் சொன்ன யோசனை. வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவரோ, அந்த வீட்டின் மீதே கடன் தருவதாக வலிய வந்து சொன்னார். இவற்றில் எதைச் செய்வது என்று முடிவு செய்யாமலே நாட்கள் சென்றன. அந்த இரவுகளிலெல்லாம் குழந்தைகள் அதே உத்திரத்தின் கீழ்தான் படுத்து உறங்கினர்.

குறைகளை வரிசைப்படுத்தல்

இத்தகைய நிலையில் முதல் வேலை, குறைகளை மூன்று வகையாகப் பிரித்தலாகும்.

1. உயிருக்கு ஆபத்தானவை: உளுத்த உத்திரம், நிலை சாய்ந்த சுவர், கைமரம் விலகிய கூரை.

2. நாளுக்கு நாள் வளர்பவை: கூரை ஒழுக்கு, சுவரடியில் தேங்கும் தண்ணீர், கரையான்.

3. பார்வைக்கு மட்டும் குறையானவை: பூச்சு உதிர்தல், கறை படிதல், தரை தேய்தல்.

ஜனங்கள் பெரும்பாலும் மூன்றாவது வகையிலிருந்தே தொடங்குகின்றனர். விருந்தாளியின் கண்ணில் முதலில் படுவது அதுவே. ஆனால் பணம் அங்கே செலவழிந்துவிட்டால் முதல் இரண்டுக்கும் கையிருப்பு இராது. அன்றியும், உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே பூசிய பூச்சு அடுத்த மழையில் மறுபடி உதிரும். ஆகவே முதலில் முட்டுக் கொடுத்தல், அடுத்துத் தண்ணீரை விலக்குதல், பின்னர் மரத்தைச் சீர் செய்தல், கடைசியில் பூசுதல் என்பதே சரியான வரிசை. முதல் இரண்டு வேலைகளுக்கும் ஆகும் செலவு மிகச் சொற்பம். அவற்றைச் செய்த பின் மற்றவற்றை நிதானமாக யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

கரையான்

வீட்டு மரங்களைப் பெரும்பாலும் அழிப்பது மண்ணில் புற்று வைத்து வாழும் கரையானே. அது வெளிச்சத்தையும் வறண்ட காற்றையும் தாங்காது. ஆதலால் மண்ணால் குழாய் போன்ற பாதை அமைத்து, அதனுள்ளே சுவரில் ஏறி மரத்தை அடைகிறது. மேல்தோலை விட்டுவிட்டு உள்ளிருக்கும் பாகத்தைத் தின்பதால், மரம் வெளிக்கு நன்றாகவே தோன்றும். சுத்தியால் மெல்லத் தட்டினால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த மரத்தில் பொள்ளல் ஓசை கேட்கும். குத்தூசி எளிதில் உள்ளே இறங்கினால் சந்தேகமில்லை. சுவருக்குள் நுழையும் உத்திர முனையையே முக்கியமாகச் சோதிக்க வேண்டும். ஈரமும் இருட்டும் சேர்ந்த இடம் அது.

உத்திரம் பழுது என்று தெரிந்த அன்றே அதன் கீழ் முட்டு நிறுத்த வேண்டும். முட்டின் அடியில் அகலமான பலகை இட்டால் பாரம் பரவித் தரை அமுங்காது. பிறகு தச்சரைக் கொண்டு பழுது எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்று அளக்க வேண்டும். முனை மட்டும் கெட்டிருந்தால் உத்திரம் முழுவதையும் மாற்ற வேண்டிய அவசியமில்லை. கெட்ட பாகத்தை வெட்டி நீக்கி, சுவரை ஒட்டி ஒரு தூண் நிறுத்தி, அதன் மேல் நல்ல பாகத்தைத் தாங்கச் செய்யலாம். மரத்தூணானால் அதன் அடியில் கல் இருத்தல் அவசியம். மரம் மண்ணைத் தொடலாகாது. புதிய உத்திரம் வைக்கும்போது, சுவருக்குள் அதன் முனையைச் சுற்றிக் காற்றோட்டத்துக்குச் சிறிது இடம் விட வேண்டும்.

மண்பாதையைத் தட்டிவிடுவதால் மட்டும் கரையான் ஒழியாது. வேறு பாதை கட்டிக்கொண்டு வரும். சுவரடியில் உள்ள விறகுக் குவியல், பழைய பலகை, ஈரமண் ஆகியவற்றை அகற்றி, மண்ணுக்கு மருந்திட வேண்டும். முற்காலத்தில் புகழ் பெற்றிருந்த ஆல்ட்ரின், டீல்ட்ரின் முதலிய மருந்துகள் மனிதருக்கும் கேடு விளைப்பவை என்று கண்டு, 2001-ஆம் வருஷத்து ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிக்கப்பட வேண்டியவற்றுள் சேர்க்கப்பட்டன. பழைய டப்பாவில் எஞ்சியிருப்பதை எடுத்துத் தெளித்தல் ஆகாது. மருந்திடும் வேலையைப் பழகியவரிடமே விட வேண்டும்; கிணற்றருகில் மருந்து ஊற்றலாகாது.

சுவரில் ஏறும் ஈரம்

விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலச் சுவர் நிலத்து நீரை உறிஞ்சுகிறது. அந்நீரில் கரைந்துள்ள உப்பு, நீர் ஆவியாகும் இடத்தில் வெண்மையாகப் பூத்துப் பூச்சைத் தள்ளிவிடுகிறது. இதனை உவர் ஏறுதல் என்பர். அதன் மேல் சிமிண்டு பூசினால் சில மாதம் நன்றாகத் தோன்றும். பின்னர் வெளியேற வழியற்ற ஈரம் சுவருக்குள்ளேயே நின்று இன்னும் உயரமாக ஏறும். முழங்கால் உயரத்து ஈரம் இடுப்பளவு ஆகும். மண் சாந்துச் சுவருக்கு இது மிகுந்த கெடுதி. உத்திர முனைக்கும் இந்த ஈரம் எட்டினால் கரையானுக்கு விருந்து வைத்தது போலாகும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை மழை பெய்யும்போதே வெளியில் நின்று கவனிக்க வேண்டும். பல வீடுகளில் தெரு மண் வருஷந்தோறும் உயர்ந்து, வீட்டுத் தரைக்கு மேலாகிவிட்டிருக்கும். கூரைத் தாழ்வாரத்து நீர் சுவரடியிலேயே விழும். பாத்திரம் துலக்கும் நீரும் அங்கேயே தேங்கும். சுவரை ஒட்டிய மண்ணை வெட்டித் தாழ்த்தி, நீர் ஓடக் கால்வாய் இட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு ஈரக் கறைக்கு ஓர் அடி மேல் வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுவதும் சுவரை உலர விட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும் தன்மையுள்ளது. காத்திருக்கும் அந்தக் கோடைக்குச் செலவு எதுவும் இல்லை. அதைப் பொறுக்காமல் பூசியவர் இரு முறை கூலி கொடுப்பார்.

கரிசல் மண்ணும் விரிசலும்

கரிசல் மண் நீர் பட்டால் ஊதும். வறண்டால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரம் போதிய ஆழம் இறங்காத வீடு அம்மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும். கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் இதன் அடையாளம். கோடையில் கதவு இறுகுவதும் மழைக்காலத்தில் தானே சரியாவதும் உண்டு.

விரிசலைக் கண்டவுடன் சுவரை இடிக்க வேண்டும் என்று பயப்பட வேண்டியதில்லை. மூடி மறைக்கவும் கூடாது. விரிசலுக்கு இரு பக்கமும் ஒவ்வோர் ஆணி அடித்து, இரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை மாதம் ஒரு முறை அளந்து, தேதியுடன் குறித்து வர வேண்டும். ஒரு வருஷக் கணக்கில், கோடையில் விரிந்து மழையில் கூடினால் காரணம் மண்ணின் ஈரமாற்றமே. அப்போது சுவரைச் சுற்றி 3 அடி அகலத்துக்குச் சரளை இட்டு இடித்து, வெளிப்புறம் சாய்வாகத் தளம் அமைத்தால் சுவரடி மண்ணின் ஈரம் அதிகம் மாறாது. சுவரை ஒட்டிப் பெரிய மரம் வளர்த்தலும், வளர்ந்த மரத்தைத் திடீரென வெட்டுதலும் மண்ணின் ஈரத்தை மாற்றி விரிசலை அதிகமாக்கும். மாதத்துக்கு மாதம் தூரம் கூடிக்கொண்டே போனாலும், தூக்குக் குண்டு விட்டுப் பார்க்கையில் சுவர் சாய்ந்திருந்தாலும், கட்டிட வேலை படித்தவரை உடனே அழைக்க வேண்டும்.

பணத்துக்கு வழி

100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்பது கேட்கச் சிறிதாகத் தோன்றும். 50 மாதத்தில் வட்டி மட்டுமே முதலளவு ஆகிவிடும். முதல் அப்படியே நிற்கும். வீட்டைக் காப்பாற்ற வாங்கிய கடனுக்கே வீடு போய்விடுவது இவ்விதந்தான். 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தை ஒட்டி இந்நாட்டில் ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றியது இத்தகைய கடனிலிருந்து குடிகளை மீட்பதற்கே. இக்காலத்தில் கூட்டுறவுச் சங்கம் என வழங்கும் அச்சங்கத்திலோ, வங்கியிலோ விசாரித்த பின்னரே வேறிடம் செல்ல வேண்டும்.

எங்கே வாங்கினாலும் ஒரு விதி உண்டு: செப்பனிட்ட வேலை எத்தனை காலம் நிற்குமோ, அதற்கு மேல் கடன் நிற்கலாகாது. உத்திரம் ஒரு தலைமுறை நிற்கும்; அதற்குச் சில வருஷத் தவணைக் கடன் தகும். வெள்ளையடித்தல் அடுத்த பொங்கல் வரை. அதற்குக் கைப்பணமே தகும். மேலும், மொத்தத் தொகைக்கு ஒரே கடன் வாங்காமல், வரிசைப்படி அந்தந்த வேலைக்கு வேண்டியதை மட்டும் வாங்க வேண்டும். தண்ணீரை விலக்கியதும் சில வேலைகள் தாமே தேவையற்றுப் போகும்.

விற்றவரின் பொறுப்பு

1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, விற்பவருக்குத் தெரிந்ததும், வாங்குபவருக்குத் தெரியாததும், சாதாரண கவனத்தோடு பார்த்தால் அவரால் கண்டுபிடிக்க இயலாததுமான முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுதல் மோசடியாகும். ஆனால் உடன்படிக்கையில் இதற்கு மாறாக எழுதியிருந்தால் நிலை வேறாகலாம். கண்ணுக்குத் தெரிந்த குறைக்கும், விற்றவருக்கே தெரியாத குறைக்கும் இப்பிரிவு உதவாது.

ஆகவே வாங்கியவர் காட்ட வேண்டியது, குறை இருந்தது என்பதோடு, அது விற்றவருக்குத் தெரியும் என்பதுமாகும். வேலை தொடங்கும் முன் படம் பிடித்தல், வெட்டி எடுத்த மரத்துண்டைப் பத்திரப்படுத்துதல், கொத்தனாரும் தச்சரும் கண்டதைத் தேதியுடன் எழுதிக் கையொப்பம் வாங்குதல், ரசீதுகளைச் சேர்த்தல் ஆகியவை அவசியம். பிறகு விற்றவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்ப வேண்டும். இவ்வகை வழக்குகளுக்குப் பெரும்பாலும் 3 வருஷமே காலவரையறை; மோசடியானால் அது தெரிய வந்த நாள் முதல், அல்லது தக்க கவனம் இருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாள் முதல் கணக்கிடப்படும். வசதியற்றவர் 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த தாலுகா சட்டப்பணிக் குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

உதாரணத்துக் குடியானவர் செய்தது

இவற்றை அறிந்த அக்குடியானவர் அன்று மாலையே முட்டு நிறுத்திக் குழந்தைகளை வேறு அறையில் படுக்க வைப்பார். மறுநாள் மண்வெட்டியை எடுத்துச் சுவரடி மண்ணைத் தாழ்த்துவார். தச்சர் உத்திரத்தைச் சுரண்டும்போது, வெள்ளைக்கு அடியில் உளுத்த இடத்தின் மேல் தகரம் அடித்து மூடியிருக்கக் கண்டால், விற்றவருக்குக் குறை தெரியும் என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. அத்தகரத்தையும் மரத்துண்டையும் பெரியோர் முன் வைத்துப் பேசினால், வழக்குக்குச் செல்லாமலே உத்திரச் செலவில் ஒரு பங்கு கிடைக்கக்கூடும். விரிசலுக்கும் ஈரத்துக்கும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். அந்த நஷ்டத்தைத் தாமே ஏற்க வேண்டியதுதான். ஆனால் கால்வாயும் ஒரு கோடை உலர்த்தலும் முடிந்தபின், கொத்தனார் சொன்ன நாலில் ஒரு பங்கு வெகுவாகக் குறைந்திருக்கும்.

உறவினர் சொன்ன யோசனைக்கும் ஒரு பதில் உண்டு. வாங்கிய நாளில் குறை அவருக்குத் தெரியாது, இப்போது தெரியும். சிமிண்டு பூசி மறைத்து விற்பாரானால், அதே 55-ஆம் பிரிவின் கீழ் மோசடி செய்தவர் அவரே ஆவார். அவர் குழந்தைகள் உறங்கிய இடத்தில் வேறொருவர் குழந்தைகள் உறங்குவர். விற்கத்தான் வேண்டுமென்றால் குறையைச் சொல்லி, அதற்குத் தக்க விலைக்கு விற்பதே நேர்மையும் பாதுகாப்பும் ஆகும்.

வாசகசாலைகளில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. உங்கள் வீட்டு உத்திர முனைகளைக் கடைசியாகத் தட்டிப் பார்த்தது எப்போது?

2. மழை பெய்யும்போது உங்கள் வீட்டுச் சுவரடியில் நீர் எந்தத் திசையில் ஓடுகிறது?

3. ஈரச் சுவருக்குச் சிமிண்டு பூசுவதால் வரும் கேடு யாது?

4. வீட்டை விற்கும்போது வாங்குபவரிடம் சொல்ல வேண்டிய குறைகள் உங்கள் வீட்டில் எவை?