டிரோன் சார்ஜரில் பழுதறிதல்

டிரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தி நமது தோட்டப்புறங்களில் இன்று புதுமைப் பொருளன்று. செம்பனை மரங்களுக்கு மருந்து தெளிக்கப் பெரிய டிரோன்கள் பயன்படுகின்றன. சிறிய டிரோன்களைக் கொண்டு கோயில் திருவிழாக்களையும் திருமணங்களையும் படமெடுத்து, ஓய்வு நேரத்தில் வருமானம் தேடும் இளைஞர்களும் உளர். டிரோனுடன் வந்த சார்ஜர் பழுதுற்றால், வேறு நிறுவனங்கள் செய்து விற்கும் மலிவான மாற்றுச் சார்ஜரை வாங்குவது வழக்கமாகி வருகிறது. மாற்றுச் சார்ஜர்கள் யாவும் தீயவை அல்ல. ஆயினும் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியாமல் பயன்படுத்துவது பேராபத்தில் முடியலாம். சிறிய டிரோன்களின் சார்ஜரில் பழுதறியும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

சார்ஜரின் பழுது இரு வகைப்படும். ஒன்று, மின்னேற்ற மறுப்பது. மற்றொன்று, மின்னேற்றத்தை நிறுத்த மறுப்பது. முன்னது நமக்குப் பொருள் இழப்பைத் தரும். பின்னது வீட்டையே எரிக்க வல்லது. ஆனால், முதல் வகைப் பழுதையே நாம் பழுதென்று கருதுகிறோம். இரண்டாம் வகையோ, நன்றாக வேலை செய்வதுபோல் தோன்றி நம்மை ஏமாற்றுகிறது.

பேட்டரியை அறிவோம்

லித்தியம் அயனி பேட்டரி 1991ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. டிரோன் பேட்டரியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. எடை குறைவு, ஆற்றல் மிகுதி என்பதே இதன் சிறப்பு. இதனுள் பல செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். சாதாரண வகையில், ஒரு செல் முழுமையாக மின்னேறிய நிலையில் 4.2 வோல்ட்டு இருக்கும். மூன்று செல்கள் கொண்ட பேட்டரிக்கு 3 x 4.2 = 12.6 வோல்ட்டு ஆகும். 4.35 வோல்ட்டு வரை ஏற்றத்தக்க உயர் அழுத்தச் செல்களும் உண்டு. அவற்றில் மூன்று சேர்ந்தால் 13.05 வோல்ட்டு ஆகும்.

இங்கேதான் இடர் தோன்றுகிறது. 13.05 வோல்ட்டுச் சார்ஜரின் இணைப்பு முனை 12.6 வோல்ட்டுப் பேட்டரியிலும் பொருந்திவிடக்கூடும். முனை பொருந்துவதனால் சார்ஜர் பொருந்திவிட்டது என்று எண்ணலாகாது. அளவுக்கு மீறி மின்னேறிய செல் சூடேறும், உப்பும், இறுதியில் தீப்பற்றும்.

பழுதறியும் படிகள்

1. சுவரிலுள்ள சாக்கெட்டில் வேறொரு கருவியைச் செருகிப் பார்க்க வேண்டும். நம் நாட்டு மூன்று முனைப் பிளக்கினுள் ஒரு பியூஸ் உண்டு. அது எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுடைய புதிய பியூஸைப் பொருத்துக. கம்பியோ வெள்ளீயத் தாளோ வைத்துச் சமாளித்தல் கூடாது.

2. சார்ஜரின் மேலுள்ள எழுத்துகளைப் படிக்க வேண்டும். உள்ளீடு 230 வோல்ட்டை உள்ளடக்கியதாகவும், வெளியீடு பேட்டரியில் குறித்துள்ள மின்னேற்ற அளவுக்கு ஒத்ததாகவும் இருத்தல் வேண்டும். சிரிம் முத்திரை உண்டா என்பதையும் காண்க.

3. இணைப்பு முனைகளை நோக்குக. உரத்தூளும் ஈரமும் உலோக முனைகளை அரிக்கும். சார்ஜரைச் சாக்கெட்டிலிருந்து கழற்றிய பின்னர், உலர்ந்த துணியால் முனைகளைத் துடைக்கலாம்.

4. மாற்றிச் சோதிக்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள அதே வகைப் பேட்டரியை ஐயத்திற்குரிய சார்ஜரில் பொருத்தி, அருகிலிருந்து கவனிக்க. அதுவும் மின்னேறவில்லையெனில் பழுது சார்ஜரில் உள்ளது. அது மின்னேறுமாயின் முதற்பேட்டரியே ஐயத்திற்குரியது. உப்பிய பேட்டரியை எச்சோதனைக்கும் பயன்படுத்தலாகாது.

5. மின்னேற்றம் முடிந்ததாக விளக்குக் காட்டியதும், டிரோனின் கைப்பேசிச் செயலியில் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் பார்க்கலாம். பல டிரோன்களில் இவ்வசதி உண்டு. இல்லையெனில் மல்டிமீட்டர் கொண்டு அளக்கத் தெரிந்தவரை நாடுக. 4.2 வோல்ட்டுச் செல் 4.25 வோல்ட்டைத் தாண்டியிருந்தால் அந்தச் சார்ஜரை அன்றே ஒதுக்கிவிட வேண்டும். பேட்டரி நிறைந்த பின்னரும் விளக்கு மாறாதிருப்பதும், தொட முடியாத அளவுக்குச் சார்ஜர் சுடுவதும் ஒதுக்கத்தக்க அறிகுறிகளே.

மறுப்பும் ஒரு பாதுகாப்பே

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பல மாதங்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்த பேட்டரியை ஓர் இளைஞர் எடுக்கிறார். டிரோனுடன் வந்த சார்ஜர் அதனை ஏற்க மறுக்கிறது. சார்ஜர் கெட்டுவிட்டது என எண்ணி மலிவான சார்ஜரொன்றை வாங்குகிறார். அது உடனே மின்னேற்றத் தொடங்குகிறது. இளைஞர் மகிழ்கிறார்.

உண்மையில் கெட்டது எது? செல்லின் அழுத்தம் மிகவும் தாழ்ந்துவிட்டால் அதனுள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பின்னர் மின்னேற்றும்போது அச்செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, உட்புறத்தில் குறுக்கிணைப்பை உண்டாக்கலாம். அதனை அறிந்தே நல்ல சார்ஜர் மறுத்தது. மறுத்த சார்ஜர் காவலன். ஏற்றுக்கொண்ட சார்ஜரோ கண்ணிழந்தது. இந்நிலையில் மாற்ற வேண்டியது பேட்டரியையே.

செய்யத் தகாதவை

சார்ஜரின் பெட்டியைத் திறந்து பழுதுபார்க்க முயலாதீர். சாக்கெட்டிலிருந்து கழற்றிய பின்னரும் அதனுள்ளிருக்கும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். பறந்து இறங்கிய சூடான பேட்டரியை ஆறவிடாமல் மின்னேற்றாதீர். உறங்கும் வேளையில் மின்னேற்றாதீர். மெத்தை, திரைச்சீலை, வாயிற்படி ஆகியவற்றுக்கு அருகில் வைக்காதீர். சிமெந்துத் தரையில், வெளியேறும் வழிக்கு அப்பால் வைப்பீர். நம் குடியிருப்பு வீடுகள் அடுத்தடுத்து அமைந்தவை. ஒரு வீட்டின் கவனக்குறைவு பல குடும்பங்களின் துன்பமாகும்.

பேட்டரி புகையத் தொடங்கினால் அப்புகையைச் சுவாசித்தல் கூடாது, அது நச்சுடையது. அனைவரையும் வெளியேற்றி 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். உப்பிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் எறியாமல் மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

முயன்று உழைத்து வாங்கிய கருவி நம் வருமானத்தைப் பெருக்க வேண்டும். நம் உடைமையை அழிக்கலாகாது. சார்ஜரை வாங்கும்போது விலையை மட்டும் கேளாமல், எத்தனை வோல்ட்டில் நிறுத்தும் என்பதையும் கேட்போமாக.

பயிற்சி: நான்கு செல்கள் கொண்ட சாதாரண வகைப் பேட்டரியை ஒரு சார்ஜர் 17.4 வோல்ட்டு வரை ஏற்றுகிறது. அதனைப் பயன்படுத்தலாமா?

விடை: கூடாது. நான்கு செல்களுக்கு உரிய அளவு 4 x 4.2 = 16.8 வோல்ட்டு. 17.4 என்பது செல் ஒன்றுக்கு 4.35 வோல்ட்டு ஆகும். அது உயர் அழுத்தப் பேட்டரிக்கு உரிய சார்ஜர்.