பட்டினி கிடந்த உடலுக்கு ஏன் உடனே விருந்து கூடாது?

மாணவர்களே, பீடோங் பக்கத் தோட்டமொன்றில் பால்மரம் சீவிய தாத்தா ஒருவரை எண்ணிப் பாருங்கள். நுரையீரல் அழற்சியால் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடாமல், சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். காய்ச்சல் தணிந்து, பசி திரும்புகிறது. வீட்டார் சோறு, மைலோ, இனிப்பு எல்லாம் கொண்டு வருகிறார்கள். மருத்துவரோ, “கொஞ்சம் கொஞ்சமாகத்தான்” என்கிறார். ஏன்?

உணவு கிடைக்காத உடல் கொழுப்பையும் தசையையும் எரித்து உயிர் வாழ்கிறது. படுத்தே இருந்தால் தசை இன்னும் வேகமாகக் கரையும். ஆரோக்கியமான முதியவர்கள் 10 நாள் படுக்கையில் இருந்தபோது, கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசையை இழந்ததை 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நோயாளியின் நிலை இன்னும் மோசம். எழுந்து நிற்கவும், சளியை இருமி வெளியேற்றவும் வலு இராது. இதுவே உடல்நலிவு. ஆகவே, உணவு கட்டாயம் வேண்டும். ஆனால், வேகம் கூடாது.

சோறும் சர்க்கரையும் குளுக்கோஸாக மாறியதும் இன்சுலின் சுரக்கிறது. உயிரணுக்கள் குளுக்கோஸை உள்ளே இழுக்கும்போது பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றையும் இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கின்றன. பட்டினியால் இவற்றின் கையிருப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். எனவே, இரத்தத்தில் இவற்றின் அளவு சட்டென்று சரிகிறது. பாஸ்பேட் குறைந்தால் மூச்சுத் தசைகள் தளரும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். உயிரே போகலாம். இதனை ‘மீளுணவூட்ட நோய்க்குறி’ என்பர்.

குளுக்கோஸை ஆற்றலாக மாற்ற வைட்டமின் பி1 தேவை. அது தீர்ந்தால் வருவது பெரிபெரி. இதில் நம் நாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அக்கால மலாயாவில் தீட்டிய வெள்ளை அரிசி உண்டவர்களைப் பெரிபெரி வாட்டியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களிடம் அது அரிது. 1905இல் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஆளுக்கொரு வகை அரிசி கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசிப் பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. நெல்லை உமியோடு அவிக்கும்போது பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னர் விளங்கியது.

இன்று மருத்துவர்கள் முதலில் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். உணவுக்கு முன்பே பி1 கொடுக்கிறார்கள். ஆபத்து அதிகமுள்ளவருக்கு, முதல் நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 கிலோகலோரிக்கு மேல் தருவதில்லை. தாத்தாவின் எடை 40 கிலோ என்றால், அது 400 கிலோகலோரி. ஏறக்குறைய 300 கிராம் சோற்றுக்குச் சமம். பிறகு 4 முதல் 7 நாளில் படிப்படியாகக் கூட்டி, முழுத் தேவையை எட்டுவார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? தாத்தா எத்தனை நாள் சரியாகச் சாப்பிடவில்லை, கைலி இடுப்பில் நிற்காமல் நழுவுகிறதா, தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தார் என்பதைத் தாதியிடம் சொல்லுங்கள். வீட்டு உணவைக் கொடுக்குமுன் கேளுங்கள். அனுமதி கிடைத்ததும் அவரை நிமிர்ந்து உட்காரவைத்து, நிதானமாக ஊட்டுங்கள். அவரைக் கவனித்துச் சொல்ல, உங்களை விட நெருங்கியவர் யார்?