குஞ்சுக்குச் சூடு, கொட்டகைக்குக் காற்று

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் ஆண்டகளூர் கேட் தாண்டி புதுச்சத்திரம், களங்காணி, பாச்சல் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கோழிக் கொட்டகை கண்ணில் படும். 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்தது, 1985இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது, பிறகு இந்த மண்ணின் பிழைப்பே கோழி என்றாகிவிட்டது. முட்டை விலையையும் தீவன விலையையும் பற்றிப் பேச எல்லாருக்கும் வாய் இருக்கிறது. மார்கழி ராத்திரியில் ஒரு நாள் குஞ்சுக்கு எப்படிச் சூடு கொடுப்பது என்று உட்கார்ந்து சொல்லித்தர ஆள் குறைந்துபோனது. இந்தக் குளிருக்கு முதல் பேட்ச் இறக்கப்போகும் தம்பிகளுக்கும் பாப்பாக்களுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மண்ணெண்ணெய், கரி, பல்பு, கேஸ் நான்கிலும் குஞ்சு வளர்த்தவன் நான்.

1. குளிரை உங்கள் உடம்பால் அளக்காதீர்கள். மார்கழி, தை விடியலில் நம் ஊரில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். நமக்கு ஒரு போர்வை போதும். குஞ்சுக்கோ முதல் வாரம் 35 டிகிரி வேண்டும், பழைய கணக்கில் 95 பாரன்ஹீட். இடையில் இருக்கும் பதினைந்து டிகிரியை நாம்தான் கொடுத்தாக வேண்டும். குஞ்சின் மேல் இருப்பது வெறும் தூவி. இறகு முளைத்துத் தன் சூட்டைத் தானே காக்கும் பக்குவம் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். பொரிப்பகத்தில் இருந்து வரும் குஞ்சுக்கு இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளத் தாய் கிடையாது. முதல் வாரம் குளிரில் ஒடுங்கிய குஞ்சு சாகாமல் தப்பினாலும் தீனி எடுக்காது. அந்தக் குறை, 18, 20 வாரம் கழித்து முட்டை வைக்கவேண்டிய நேரத்தில், பாதிக் கோழி பெரிதும் பாதிக் கோழி சிறிதுமாக நிற்கும்போது தெரியும். அப்போது தீவனத்தைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது.

2. குஞ்சு வண்டி வந்து நின்றபிறகு அடுப்பைப் பற்றவைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். குளிர்காலத்தில் முந்தின நாளே பற்றவைத்துவிடுங்கள். காற்று சீக்கிரம் சூடாகும். தரையும் உமியும் சூடாக நேரம் பிடிக்கும். குஞ்சு நிற்பது உமியின் மேல். இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் காய்ந்த உமி போட்டு, அதன்மேல் பழைய செய்தித்தாள் விரித்து, சுற்றிலும் ஒன்றரை அடி உயரத் தகடு கட்டுங்கள். வட்டமாகக் கட்டுங்கள், மூலை இருந்தால் குஞ்சு அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும். குடிக்கிற தண்ணீரையும் முன்கூட்டியே உள்ளே வைத்துக் குளிர் நீக்கிக்கொள்ளுங்கள்.

3. தெர்மாமீட்டர் வாங்குங்கள். குஞ்சின் முதுகு மட்டத்தில் தொங்கவிடுங்கள், ஆள் உயரத்தில் தொங்கினால் அது உங்களுக்குத்தான் காட்டும். ஆனாலும் தெர்மாமீட்டரைவிடக் குஞ்சு சொல்வது மேல். அடுப்பை ஒட்டிக் குவியலாக நெருங்கிக் கத்தினால் சூடு போதவில்லை. தகட்டோரம் ஒதுங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் எங்கோ குளிர்காற்று நுழைகிறது, போய்த் தேடுங்கள். பரவலாக நின்று, தின்று, குடித்து, கொஞ்சம் கால் நீட்டிப் படுத்திருந்தால் சரி. ஒரு குஞ்சைக் கையில் எடுத்து அதன் காலை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் தரை இன்னும் சூடாகவில்லை. இதை ராத்திரி ஒன்பது மணிக்குப் பார்த்துவிட்டுப் படுத்துவிடக்கூடாது. குளிர் கடுமையாக இறங்குவது விடியலுக்கு முந்தின மூன்று மணி நேரத்தில். அலாரம் வைத்து எழுந்திருங்கள்.

4. நான் சொல்லவந்ததிலேயே பெரிய விஷயம் படுதா. குளிர் என்றதும் படுதாவை நாலு பக்கமும் உச்சிவரை இழுத்துக் கட்டிவிடுவார்கள். உள்ளே நன்றாகச் சூடு நிற்கும். காலையில் போனால் கண் எரியும், அதுதான் அமோனியா. உங்கள் கண் எரிகிறது என்றால், இருபத்து நாலு மணி நேரமும் தரையோடு இருக்கும் குஞ்சின் கண்ணையும் மூச்சுக்குழலையும் யோசித்துப் பாருங்கள். எரிகிற எந்த அடுப்பும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுதான் எரிகிறது. மண்ணெண்ணெய் ஆனாலும் கரி ஆனாலும் கேஸ் ஆனாலும் அதேதான். பிராய்லர் குஞ்சாக இருந்தால் ஆக்சிஜன் குறைவு பிற்பாடு வயிற்றில் நீர் கட்டுவதில் கொண்டுபோய் விடும். படுதாவைக் கீழே கட்டி மேலே திறக்கிற மாதிரி மாட்டுங்கள். உச்சியில் ஓர் அடி, ஒன்றரை அடி எப்போதும் திறந்தே இருக்கட்டும். கெட்ட காற்று மேலே போகும், குளிர்காற்று குஞ்சின்மேல் நேராக விழாது. வாடைக்காற்று வடகிழக்கில் இருந்து வரும், அதனால் வடபுறப் படுதாவில் கிழிசல் இருக்கக்கூடாது. வெயில் ஏறியதும் தென்புறத்தை நன்றாக இறக்கிவிடுங்கள். பத்து ரூபாய் எரிபொருள் அதிகம் போகட்டும், காற்றை அடைத்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

5. மண்ணெண்ணெய். ஒரு காலத்தில் தகர மூடிக்கு அடியில் திரி ஸ்டவ்வோ அரிக்கேன் விளக்கோ வைத்துத்தான் குஞ்சு வளர்த்தோம். 2012ஐ ஒட்டி நாளில் பாதிக்குமேல் கரண்ட் இல்லாமல் கிடந்த வருசங்களில் பல்பை நம்பியிருந்தவர்களும் பரணில் இருந்து ஸ்டவ்வை இறக்கினார்கள். இன்றைக்கும் அவசரத்துக்கு ஒன்று வைத்திருப்பது நல்லது. வைத்திருப்பதானால் ஒழுங்காக வைத்திருங்கள்.

நீலச் சாயம் போட்ட ரேஷன் எண்ணெய் வீட்டு அடுப்புக்கும் விளக்குக்கும் என்று கொடுப்பது, அதைக் கொட்டகைக்குக் கொண்டுவராதீர்கள். வெளியில் விற்கும் வெள்ளை மண்ணெண்ணெய் வாங்கி, மூடி இறுக்கமான கேனில், பெட்ரோலோ டீசலோ ஒருநாளும் ஊற்றாத கேனில் வையுங்கள். கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலும் ஸ்டவ் வெடிகுண்டாகிவிடும். ஊற்றும்போது துணியில் வடிகட்டுங்கள். எண்ணெயில் தண்ணீர் சேர்ந்தால் அது அடியில் தங்கித் திரியில் ஏறி, தீ சடசடவென்று பொரியும், அணையும். டேங்கை வழிய வழிய நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள், சூட்டில் எண்ணெய் விரியும். எரிகிற ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றவே கூடாது. அணைத்து, வெளியே கொண்டுபோய், ஆறவிட்டு ஊற்றுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இதை மீறத் தோன்றும். அதற்காகத்தான் இரண்டு ஸ்டவ் வைத்திருக்கச் சொல்கிறேன். ஒன்று ஆறும்போது இன்னொன்று எரியட்டும்.

ஸ்டவ்வின் தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக நாக்கு நீட்டிக் கரி படிந்தால் எரிவது அரைகுறை, கூடவே கார்பன் மோனாக்சைடும் வருகிறது என்று அர்த்தம். திரிகளை ஒரே மட்டமாக வெட்டுங்கள். ஒன்று தூக்கலாக இருந்தாலும் அதுதான் புகையும். நுனியில் இறுகின கரியை அன்றாடம் சுரண்டுங்கள். துளை போட்ட உள்தகட்டை வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேயுங்கள். அந்தத் துளைகள் அடைந்தால் தீக்குக் காற்று போகாது. விளக்கென்றால் கண்ணாடியைச் சாம்பலும் காகிதமும் வைத்துத் துடையுங்கள்.

ஸ்டவ்வை உமியின் மேல் வைக்காதீர்கள். உமியை மூன்றடி வட்டத்துக்கு ஒதுக்கி, செங்கல் அடுக்கி, சமமாக வைத்து, சுற்றிலும் கம்பி வலை கட்டுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலும் நனைத்த சாக்கும் இருக்கட்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மிதந்து தீ பரவும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிக் காற்றில் சேர்கிறது. அது போக வழியில்லாவிட்டால் உமியில் இறங்கும். உமி ஈரமானால் அமோனியா, அப்புறம் ரத்தக் கழிச்சல். சூடு வைத்த கொட்டகையில் உமி ஏன் கட்டி கட்டுகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். உச்சி இடைவெளியைத் திறந்து வையுங்கள், உமியைக் கிளறிவிடுங்கள்.

6. கரி மலிவு, சூடும் நின்று வரும். இரும்புச் சட்டியில் போட்டு, வெளியிலேயே பற்றவைத்து, புகை முழுக்க அடங்கி மேலே வெள்ளைச் சாம்பல் படர்ந்த பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். புகை இல்லை என்பதால் நஞ்சு இல்லை என்று நினைக்கக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டும் இடத்தில் அதைவிட இருநூறு மடங்கு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

7. பல்பு சுத்தமானது, ஆனால் குண்டு பல்பாக இருக்க வேண்டும். எல்இடி வெளிச்சம் தரும், குஞ்சுக்குச் சூடு தராது. குஞ்சுக்கு ஒன்று முதல் இரண்டு வாட் என்று கணக்குப் போடுங்கள், குளிரில் இரண்டு. சூட்டு பல்புக்குப் பீங்கான் ஹோல்டர் போடுங்கள், பிளாஸ்டிக் உருகும். ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் தொங்கவிடுங்கள். அறுந்து உமியில் விழுந்தால் கொட்டகையே போகும்.

8. கேஸ் புரூடருக்கு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர், வீட்டுச் சிலிண்டர் அல்ல. டியூப் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். குஞ்சு இருப்பதும் அங்கேதான்.

9. கொட்டகையில் ராத்திரி தங்கும் ஆளுக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன். குளிருகிறது என்று ஸ்டோர் ரூமுக்குள் கரிச் சட்டியையோ ஸ்டவ்வையோ வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு படுக்க விடாதீர்கள். கொடைக்கானலில் அறைக்குள் கரியடுப்போடு தூங்கினவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி வந்திருக்கிறது. ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் போய்த் தங்குகிறவர்களுக்கும் அதே பேச்சுதான். வீட்டுக்குள் மண்ணெண்ணெய் ஹீட்டர் வைப்பது சாதாரணமாக இருக்கும் ஜப்பானில்கூட மணிக்கு ஒன்றிரண்டு முறை சன்னலைத் திறக்கச் சொல்கிறார்கள். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வருவதுபோல் இருந்தால் அசதி என்று படுக்கக்கூடாது. உடனே வெளியே வந்து காற்றில் நிற்க வேண்டும், அடுப்பை வெளியே எடுக்க வேண்டும், தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வேலைக்கு வரும் குடும்பம் கைக்குழந்தையோடு வந்திருந்தால் அவர்களுக்கு நல்ல கம்பளி இரண்டு வாங்கிக் கொடுங்கள். அது உங்கள் பொறுப்பு.

10. வாரத்துக்கு ஐந்து பாரன்ஹீட், அதாவது மூன்று டிகிரி அளவு குறைத்துக்கொண்டே வாருங்கள். தகட்டையும் அதற்கேற்றபடி விரித்துவிடுங்கள். தடுப்பூசி போட்ட அன்றைக்கு மட்டும் குறைக்காதீர்கள், ஒரு டிகிரி கூட்டினாலும் தப்பில்லை. வாரக்கடைசியில் ஒரு ஐம்பது குஞ்சை எடை போடுங்கள். பிராய்லர் குஞ்சு முதல் வாரத்தில் நான்கு மடங்காக வேண்டும். ஆகவில்லை என்றால் தீவனக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் ராத்திரி மூணு மணிக்குக் கொட்டகையில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

11. நாலாவது வாரம் பெரும்பாலும் சூடு தேவைப்படாது. பகலில் அணைத்து, ராத்திரி மட்டும் கொடுத்து, இரண்டு மூன்று நாளில் நிறுத்துங்கள். அணைத்ததும் ஸ்டவ்வை அப்படியே மூலையில் போடாதீர்கள். எண்ணெயை வடித்து, டேங்கைக் காயவைத்து, கருகின திரியை எறிந்து, கரியைத் தேய்த்துக் கழுவி, துரு பிடிக்காமல் துடைத்து, சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றுங்கள். மிச்ச எண்ணெயை அடுத்த மார்கழிக்கு என்று எடுத்துவைக்காமல் அந்த வருசமே தீர்த்துவிடுங்கள். பழைய எண்ணெய் திரியை அடைக்கும், புகையும். ஐப்பசியில் ஸ்டவ்வை இறக்கி, புதுத் திரி போட்டு, குஞ்சுக்குச் சொல்லிவைக்கும் முன்பே வெளியில் ஒரு ராத்திரி முழுக்க எரியவிட்டுப் பாருங்கள்.