கறிவேப்பிலையில புழு: மருந்து அடிக்கலாமா, விட்டுடலாமா?

வீட்டுல கறிவேப்பிலையோ எலுமிச்சையோ வளர்க்கறவங்க இதைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. நேத்து வரைக்கும் தளதளன்னு இருந்த கொழுந்து இன்னைக்குப் பாதி காணோம். இலை மேல காக்கா எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு. கிட்டப் போய்ப் பார்த்தா எச்சம் இல்ல, புழு. உடனே வீட்டுல யாராவது ஒருத்தர் மருந்து பாட்டிலைத் தேட ஆரம்பிச்சிடுவாங்க.

பாட்டிலை எடுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஒதுக்கி இதைப் படிச்சிடுங்க. இதுல ஃபார்முலா எதுவும் கிடையாது, பயப்படாதீங்க.

1. அந்தப் புழு யாரு?

அது பெரும்பாலும் ஒரு பட்டாம்பூச்சியோட குழந்தை. கறுப்பு உடம்புல வெள்ளைப் புள்ளி வரிசையோட பறக்குமே, அதுவும், மஞ்சள் திட்டுகளோட எலுமிச்சையைச் சுத்தி வருமே, அதுவும் இந்தக் குடும்பச் செடிகள்லதான் முட்டை போடும். ஒவ்வொரு முட்டையா, பார்த்துப் பார்த்து கொழுந்துல வைக்கும்.

சின்ன வயசுல புழு பறவை எச்சம் மாதிரி இருக்கறது தற்செயல் இல்ல. எச்சத்தை எந்தப் பறவையும் தின்னாது. வளர்ந்ததும் பச்சை நிறத்துக்கு மாறி இலையோட இலையா மறைஞ்சிடும். அப்பவும் யாராவது தொட்டா, தலைக்குப் பின்னாடி இருந்து கவட்டை மாதிரி ஒரு கொம்பு வெளிய வரும், கூடவே ஒரு நாத்தம். நம்மை அது ஒண்ணும் செய்யாது, அதோட தற்காப்பு அவ்வளவுதான்.

முட்டையில இருந்து பட்டாம்பூச்சி வரைக்கும் சுமார் ஒரு மாசம். இதுல புழுவா இருந்து தின்னற காலம் ரெண்டு மூணு வாரம்தான். வளர்ந்த கறிவேப்பிலைச் செடி இதைத் தாங்கும், திரும்பத் துளிர்க்கும். ஒரு முழம் உயரக் கன்னுன்னா தாங்காது. அப்போ புழுவை இலையோட எடுத்துப் பெரிய செடிக்கு மாத்திடுங்க. மருந்து தேவையே இல்ல. அந்த இலை நாளைக்கு நம்ம வீட்டு ரசத்துல விழப்போகுதுங்கறதையும் மறக்காதீங்க.

2. பூ மட்டும் வச்சா போதாது

பட்டாம்பூச்சி வரணும்னு நிறைய பேர் பூச்செடி மட்டும் வாங்கி வைக்கறாங்க. பூ என்பது ஹோட்டல் மாதிரி, வந்து சாப்பிட்டுப் போயிடும். குடும்பம் நடத்தணும்னா புழு தின்னற இலை வேணும். எந்தப் பூச்சிக்கு எந்த இலைங்கறது கிட்டத்தட்ட நிரந்தர ஒப்பந்தம்:

- எருக்கு: ஆரஞ்சு இறக்கையில கறுப்பு வெள்ளை ஓரம் உள்ள வெந்தய வரியன். எருக்கம்பால் விஷத்தை உடம்புல சேர்த்து வச்சுக்கறதால பறவைகள் இதைத் தொடாது.
- அரளி: பழுப்பு இறக்கையில ஓரமா வெள்ளைப் புள்ளி வச்ச பட்டாம்பூச்சி. இதோட கூட்டுப்புழு வெள்ளி முலாம் பூசின மாதிரி பளபளக்கும்.
- சரக்கொன்றை: எலுமிச்சை மஞ்சள் நிறத்துல வேகமா பறக்கற வகை.
- ஆடுதின்னாப்பாளை: கறுப்பு இறக்கை, சிவப்பு உடம்போட இருக்கற ரோஜா பட்டாம்பூச்சி.

எருக்கும் அரளியும் விஷம். சின்னக் குழந்தைங்க இருக்கற வீட்டுல யோசிச்சு வைங்க.

ஒரு கூடுதல் தகவல்: நம்ம மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவன், 2019-ல் அறிவிச்சாங்க. ஆனா அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு ஆளு. நம்ம வீட்டுக்கு வரும்னு காத்திருக்க வேண்டாம்.

3. மருந்து தோத்த இடத்துல குளவி ஜெயிச்ச கதை

எல்லாப் பூச்சியையும் விட்டுடணுமான்னு கேட்டா, இல்ல. அசுவினியும் மாவுப்பூச்சியும் செடியோட சாறை உறிஞ்சிடும். ஆனா அதுங்களுக்கும் எதிரி உண்டு. பொறிவண்டு எல்லாருக்கும் தெரியும். அதோட குட்டி குட்டி முதலை மாதிரி அசிங்கமா இருக்கும். அதைப் பார்த்துட்டு ஏதோ கெட்ட பூச்சின்னு நசுக்கிடறோம். உண்மையில அசுவினியை அதிகமா தின்னறதே அந்தக் குட்டிதான்.

இது பெரிய அளவுல நடந்த உதாரணமும் நம்ம ஊர்லயே இருக்கு. 2008-ல் கோயம்புத்தூர் பகுதியில பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டுச்சு. வெளிநாட்டுப் பூச்சி, இங்க அதுக்கு எதிரி கிடையாது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு பரவுச்சு. உடம்பு மேல வெள்ளை மெழுகு இருக்கறதால மருந்தும் சரியா உள்ள இறங்கல. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூணு வகை குட்டிக் குளவிகளைக் கொண்டுவந்து, பெங்களூருல வளர்த்து, தமிழ்நாட்டு வயல்கள்ல விட்டாங்க. குளவி மாவுப்பூச்சிக்குள்ள முட்டை போடும், பொரிச்ச குட்டி உள்ளிருந்தே அதைத் தின்னு முடிச்சிடும். மாவுப்பூச்சி அடங்கிடுச்சு.

நம்ம வீட்டுக்கு இதுல என்ன பாடம்? பாட்டில் மருந்துக்குப் பூச்சியும் ஒண்ணுதான், பூச்சியைத் தின்னற வண்டும் ஒண்ணுதான். ரெண்டும் செத்த பிறகு பூச்சி சீக்கிரம் பெருகி வந்துடும், வண்டு மெதுவாத்தான் வரும். அதனால முதல்ல தண்ணிய பீய்ச்சி அடிச்சுக் கழுவிப் பாருங்க. அடங்கலைன்னா, தேனீக்கள் கிளம்பின பிறகு சாயங்காலம், பாதிச்ச கிளைக்கு மட்டும் வேப்பெண்ணெய்க் கரைசல்.

முருங்கையில மழைக்காலத்துல கூட்டமா அப்பியிருக்கற கம்பளிப்பூச்சி வேற கேஸ். அதோட முடி பட்டா அரிப்பு தாங்காது. ஆளுங்க நடமாடற இடத்துல இருந்தா அப்புறப்படுத்தித்தான் ஆகணும்.

4. தண்ணி வைங்க, ஆனா கொசுவுக்கு இல்ல

வெயில் காலத்துல ஒரு மண்சட்டியில தண்ணி வச்சா மைனா, தவிட்டுக்குருவி, அணில்னு வரிசையா வரும். ரெண்டு அங்குல ஆழம் போதும், நடுவுல ஒரு கல் போடுங்க, தேனீ உக்காந்து குடிக்கும்.

டெங்கு கொசு முட்டையில இருந்து பறக்கற நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டையைத் தண்ணி விளிம்புல ஒட்டி வைக்கும், தண்ணி காஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும். அதனால தினமும் தண்ணி மாத்தணும், வாரம் ஒருமுறை சட்டியை நார் போட்டுத் தேய்க்கணும். தேய்க்க நேரம் இல்லைன்னா சட்டியே வைக்காதீங்க.

5. ஓணான், அரணை, தேரை, அப்புறம் பாம்பு

"அரணை கடிச்சா மரணம்"னு ஒரு சொலவடை உண்டு. அரணைக்கு விஷமே கிடையாது. ஓணானுக்கும் கிடையாது. ஆண் ஓணான் கழுத்து சிவக்கறது நம்ம ரத்தத்தைக் குடிக்கறதால இல்ல, இனப்பெருக்கக் காலத்துல அதோட ஸ்டைல் அது. தேங்காய்க்குள்ள பருப்பு இல்லைன்னா தேரை மேல பழி போடறோம், பாவம் அது தென்னை மரமே ஏறாது. ராத்திரி முழுக்க பூச்சி தின்னறதுதான் அதோட வேலை.

பாம்பு விஷயத்துல விளையாட்டு வேண்டாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் ஆபத்தானவை. சாரைக்கு விஷம் இல்ல, எலியைத் தின்னும். பாம்பு வர்றது எலிக்காகவும் ஒளிய இடத்துக்காகவும். செங்கல் குவியல், விறகுக் கட்டு, சிந்தின அரிசி இதெல்லாம் வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. ராத்திரி டார்ச் இல்லாம இறங்காதீங்க. கடிச்சுட்டா கட்டு போடறது, கீறி விடறது, மந்திரிக்கறது எதுவும் வேண்டாம். ஆடாம அசையாம வச்சு 108-க்குக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க.

6. பேவர் பிளாக் பஞ்சாயத்து

தெரிஞ்சுக்கறது ஈஸி, வீட்டுல பேசி ஒத்துக்க வைக்கறதுதான் கஷ்டம். விழுப்புரம் பக்கம் எங்க வீட்டு முன்னாடி முழுக்க பேவர் பிளாக் போடணும்னு அப்பா முடிவு பண்ணியிருந்தார். காரணம் நியாயமானதுதான். மழை வந்தா சேறு, ஆயாவுக்கு 78 வயசு, வழுக்கி விழுந்தா யார் பாக்கறது? அந்த இடத்துல போய் "பட்டாம்பூச்சி வரும்ப்பா"ன்னா எடுபடாது.

அதனால அவரோட கவலையில இருந்தே பேச்சை ஆரம்பிச்சேன். ஆயா நடக்கற வழிக்கும் வண்டி நிக்கற இடத்துக்கும் பிளாக். காம்பவுண்டு சுவர் ஓரமா 3 அடி அகலம், 14 அடி நீளம் மண்ணாவே இருக்கும், மழைத்தண்ணியும் அங்கதான் இறங்கும். "பாம்பு வந்தா யார் பொறுப்பு?"ன்னு கேட்டார். மண் பகுதியில குப்பை, கல் எதுவும் சேராது, வாசலுக்கும் அதுக்கும் நடுவுல பத்தடி சுத்தமா இருக்கும், லைட் போடலாம்னு சொன்னேன். "ஒரு வருஷம் பாக்கலாம். சரிவரலைன்னா அடுத்த மே மாசம் அதுக்கும் பிளாக்தான்"னார். இப்போ அங்க கறிவேப்பிலை, எலுமிச்சை, செம்பருத்தி, ஒரு இட்லிப் பூச்செடி இருக்கு. தேன்சிட்டு ரெண்டு வந்து போகுதுன்னு ஆயா போன்ல சொல்றாங்க. வருஷம் முடிய இன்னும் ஏழு மாசம் பாக்கி.

7. லீவுல ஒரு சின்ன அசைன்மென்ட்

மண்ணே இல்லாத அபார்ட்மென்ட்டா? பால்கனியில ஒரு எலுமிச்சைத் தொட்டி போதும், மூணாவது மாடிக்குக் கூட பட்டாம்பூச்சி தேடி வரும். செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனதும் காலையில எட்டு மணிக்குள்ள பதினஞ்சு நிமிஷம் வீட்டுச் செடிகிட்ட நில்லுங்க. இலையைத் திருப்பிப் பாருங்க. பார்த்ததை எல்லாம், பேர் தெரியலைன்னாலும், ஒரு நோட்டுல எழுதுங்க. அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டுங்க, ஏன்னா நீங்க ஹாஸ்டலுக்குத் திரும்பின பிறகு அந்த மருந்து பாட்டில் அவங்க கையிலதான் இருக்கும்.