மருந்தின் வேலையா, காய்ச்சலின் வேலையா?



உண்ணிக்காய்ச்சல் எங்கள் மலைநாட்டுக்குப் புதிதல்ல. மாட்டுக்குப் புல்லறுக்கப் போகிறவர்கள், நாய் ஆடு வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் உண்ணியைத் தெரியும். ஆனால் அது கடித்தது பலருக்குத் தெரியாமலே போகும். ஒரு கிழமை, பத்து நாள் கழித்துக் காய்ச்சல், தலைவலி, மூட்டு வலி என்று படுத்த பிறகுதான் யோசிப்பார்கள். இதைத் தருவது ரிக்கெட்சியா என்ற நுண்கிருமி. அமொக்சிசிலின் இதற்குக் கேட்காது. டொக்டர்மார் பெரும்பாலும் கொடுப்பது டொக்சிசைக்கிளின். கர்ப்பிணித் தாய்மாருக்கு வேறு மருந்து உண்டு, ஆகவே மாதம் தள்ளிப் போயிருந்தால் முதலிலேயே சொல்லி விடுங்கள்.

இம்முறை நாங்கள் எழுத வந்தது மருந்து தொடங்கிய பிறகு நடப்பதைப் பற்றி. சில வருடங்களுக்கு முன் ஒரு மாமியார் எங்களிடம் வந்து, "ஐயா, மருந்து போட்டதிலேருந்து மருமக என்னமோ பெனாத்துதுங்க" என்றார். நாங்கள், "அது மருந்து சூடு, அப்படித்தான் இருக்கும், மோர் குடுங்க" என்று சொல்லி அனுப்பி விட்டோம். மறுநாள் விடிய அந்தப் பிள்ளைக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. தோட்ட லொறியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிழைத்துக் கொண்டாள். ஆனால் இன்றும் ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. பெனாத்தியது மருந்தல்ல, காய்ச்சல் மூளையைத் தொட்டிருந்தது. மோர் சொன்னதும் பிழை. பால், மோர், தயிர் எல்லாம் இந்த மருந்து உடம்பில் சேருவதை ஓரளவு குறைக்கும்.

அதன் பிறகு டொக்டர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மருந்து செய்வது பெரும்பாலும் வயிற்றில்தான். குமட்டல், வாந்தி, வயிற்றெரிச்சல். பிரட்டுக்கு நேரமாச்சு என்று வெறும் வயிற்றில் ஒரு மிடறு தேத்தண்ணீரோடு விழுங்கினால் இது வர வாய்ப்பு அதிகம். விழுங்கியவுடன் படுத்தால் மருந்து தொண்டைக்குக் கீழே ஒட்டிப் புண்ணாக்கி, நெஞ்சு எரியும். ரொட்டியோ சோறோ சாப்பிட்டு, ஒரு கோப்பை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலமாவது நிமிர்ந்து இருங்கள். அனேகமாக இதிலேயே சரிவரும். இதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம். விழுங்குவது எல்லாம் வாந்தியாகப் போனால் மட்டும் டிஸ்பென்சரிக்கு வந்து சொல்லுங்கள்.

தோலில் வருவதுதான் ஆளைக் குழப்பும். இந்த மருந்து எடுக்கும்போது வெயில் பட்ட இடம் சிவந்து எரியும். முகம், கழுத்து, புறங்கை. மலையில் குளிராக இருந்தாலும் வெயில் சுடத்தான் செய்யும். உடுப்பு மூடிய இடத்தில் இது இருக்காது. காய்ச்சலின் சிவப்புப் புள்ளிகள் அப்படியல்ல. காய்ச்சல் தொடங்கி மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாளில் கை கால்களில் வரும், உள்ளங்கை உள்ளங்காலிலும் பார்க்கலாம், அரிப்பு பெரிதாக இராது. மருந்து தொடங்குவதும் அநேகமாக அந்த நாட்களில்தான். அதனால் "குளிசை போட்டதும் மேலெல்லாம் கெளம்பிருச்சு" என்று பழி மருந்தின் மேல் விழுகிறது. நிறுத்தினால் காய்ச்சலுக்குத்தான் வசதி.

ஒவ்வாமை வேறு. அரிப்போடு தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும். உதடு, கண் இமை வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ அடுத்த குளிசை போடாமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று பார்க்க வேண்டாம்.

எலிக்காய்ச்சலுக்கு முதல் ஊசி போட்ட சில மணித்தியாலத்தில் சிலருக்குக் குளிர் நடுங்கிக் காய்ச்சல் ஏறி இறங்கும். அது கிருமி சாகும்போது நடப்பது. அதைக் கேள்விப்பட்டவர்கள் உண்ணிக்காய்ச்சலுக்கும் "ஏறித்தான் எறங்கும்" என்று ஆறுதல் சொல்கிறார்கள். இங்கே அப்படி எதிர்பார்க்கக் கூடாது. சரியான மருந்து என்றால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் திரும்பப் போய்க் காட்டுங்கள், வேறு நோயாகவும் இருக்கலாம். அதோடு இரும்புச்சத்துக் குளிசையைச் சேர்த்து விழுங்குகிறீர்களா என்றும் பாருங்கள். இரத்தம் குறைவென்று அதை எடுக்கும் பெண்கள் எங்கள் லயங்களில் அதிகம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் டொக்சிசைக்கிளின் சரியாக வேலை செய்யாது. எத்தனை மணித்தியால இடைவெளி என்று மருந்து தந்தவரிடமே கேளுங்கள்.

பிதற்றல், மயக்கம், கழுத்து விறைப்பு, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல், காது கேளாமை, விரல் நுனியோ காது மடலோ கறுத்துப் போதல், இவற்றை ஒருவரும் மருந்தின் மேல் போட வேண்டாம். கடுமையான தலைவலியோடு பார்வை மங்கினால் அது மருந்தாலும் வரலாம், நோயாலும் வரலாம். டொக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

டிஸ்பென்சரிக்கு வரும்போது மருந்துக் கவரையும் கொண்டு வாருங்கள். காய்ச்சல் தொடங்கிய நாள், முதல் குளிசை போட்ட நேரம், புதிதாக வந்தது எப்போது, இந்த மூன்றையும் அந்தக் கவரிலேயே பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள்.