தினமும் பத்து நிமிடம்



செய்யுள்னாலே எனக்குப் பயம். மனப்பாடம் செய்வேன், பரீட்சையில் எழுதுவேன், மறுநாளே மறந்துவிடுவேன். அரைப்பரீட்சை லீவில் தமிழ் ஐயா நூலகத்திலிருந்து குறுந்தொகை எடுத்துக் கொடுத்தார். "முழுசாப் படிக்காதே. ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு, உரையோட படி" என்றார்.

குறுந்தொகை எட்டுத்தொகை நூல்களில் ஒன்று. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். பெரும்பாலும் 4 அடி முதல் 8 அடி வரைதான். பார்த்ததுமே பாதி பயம் போய்விட்டது.

அதில் 41ஆம் பாடல். தலைவன் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊர் மாதிரி மகிழ்வேன் என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். அவன் பிரிந்து போனால், ஆட்கள் விட்டுப்போன, முற்றத்தில் அணில் விளையாடுகிற வீடு மாதிரி ஆகிவிடுவேன் என்கிறாள். பாடியவரின் சொந்தப் பெயர் தெரியவில்லை. அந்த அணிலை வைத்தே அவருக்கு அணிலாடு முன்றிலார் என்று பெயர் வந்துவிட்டது. முன்றில் என்றால் வீட்டின் முற்றம்.

எங்க அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவங்களிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஒங்கப்பன் தீபாவளி முடிஞ்சு திருப்பூருக்கு பஸ் ஏறின மறுநாள் நம்ம வீடும் அப்படித்தானத்தா கெடந்துச்சு" என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பாட்டை நான் மனப்பாடம் செய்யவில்லை. தானாக மனசில் நின்றுவிட்டது.

வரலாறும் அப்படித்தான். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி ஒரு பக்கம் படித்தேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியது. 30 குடும்புகளிலும் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. பெருமையாக இருந்தது. ஆனால் சொந்த நிலம், வீடு, வேதப் படிப்பு எல்லாம் இருக்க வேண்டுமாம். அப்படியென்றால் எங்க வீட்டில் யாருமே வந்திருக்க முடியாதே! இன்று 21 வயது நிரம்பிய வாக்காளர் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம். தமிழ்நாட்டில் பாதி இடங்கள் பெண்களுக்கு. எங்க அம்மாகூட நிற்கலாம்!

நான் படிக்கும் முறை:

1. ஒரு நாளைக்கு ஒரு பாட்டு அல்லது வரலாற்றில் ஒரு பக்கம். அதற்கு மேல் வேண்டாம்.
2. முதலில் உரை, அப்புறம் பாட்டை வாய்விட்டு இரண்டு முறை.
3. படித்ததை வீட்டில் ஒருத்தரிடம் நம் பேச்சில் சொல்ல வேண்டும்.
4. மனசில் வந்த ஒரு கேள்வியை நோட்டில் எழுத வேண்டும்.

மூன்றாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் சொன்னபோது உங்க வீட்டில் என்ன சொன்னாங்க? எழுதிக் கொடுங்கள், அடுத்த இதழில் ஒட்டுவோம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி