டிரிகர் இழுத்தும் வெடிக்காவிட்டால்

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதுவது. அம்மா நேற்று போனில் உன் ரேஞ்ச் கதையைச் சிரிப்போடு சொன்னாள். தோட்டா வெடிக்கவில்லையாம், நீ சட்டென்று போல்ட்டை இழுத்து அதைத் தட்டிவிட்டு, அடுத்ததைப் போட்டுச் சுட்டு, நடுவட்டத்திலேயே அடித்தாயாம். கெட்டிக்காரிதான். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, அதை விடு.

‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுபோனால், பிரைமர் செத்திருக்கலாம், அது மிஸ்ஃபயர். மருந்து தாமதமாகப் பிடிக்கவும் செய்யலாம், அது ஹேங்ஃபயர். எது என்று பார்த்துச் சொல்ல எந்தச் சூரனாலும் ஆகாது. போல்ட் பூட்டியிருக்கும்போது வெடித்தால் குண்டு முன்னால் போகும். திறந்த பிறகு வெடித்தால் பித்தளைச் சில்லு உன் முகத்துக்கு வரும். அதனால் குழல் டார்கெட்டைப் பார்த்தபடியே இருக்கட்டும், 30 விநாடி அசையாதே. ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடு. அப்புறம் முகத்தை ஒதுக்கிக்கொண்டு திற.

.22 தோட்டாவில் பிரைமர் மருந்து அடிவிளிம்பைச் சுற்றித்தான் இருக்கும். அது ஓரிடத்தில் சரியாகப் பரவாமல் போனால், ஃபயரிங் பின் அங்கே குத்தியும் பயனில்லை. வெளியே எடுத்ததும் அந்த விளிம்பைப் பார். பள்ளம் ஆழமாக இருந்தால் பெரும்பாலும் தோட்டாவின் குறை. லேசாகப் பட்டிருந்தால் துப்பாக்கியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டு இன்னொரு தடவை சுடலாம் என்று பக்கத்து லேன்காரர்கள் சொல்வார்கள். வேண்டாம். கழிவுத் தோட்டாப் பெட்டியில் போடு.

அவசரம் உங்கள் வீட்டுச் சொத்து. நமத்த வெடியைக் குனிந்து பார்த்த உன் சித்தப்பாவின் புருவத்தை நீயே பார்த்திருக்கிறாய். வாய்க்கால் ஓரத்து நிலத்தை விற்க அவசரப்படாதீர்கள், ஆடி கழியட்டும், பொறுங்கள் என்றேன். உன் அப்பா கேட்டாரா? மறு வருஷமே அந்தப் பக்கம் பைபாஸ் வந்தது. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டாதே.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் ஸ்க்விப்தான், அதாவது குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்வது. ‘டமார்’ என்பதற்குப் பதில் ‘டப்’ என்று கேட்கும், தோளில் உதை குறையும், டார்கெட்டில் துளை இருக்காது. காதை அடைத்திருப்பதால் சத்தத்தை நம்பாதே, தோளை நம்பு. குறி தப்பிவிட்டது என்று நினைத்து அடுத்ததைச் சுட்டால், குழலுக்குள் சிக்கிய ஈயக்குண்டின் மேல் அது போய் மோதும். குழல் உப்பும், வெடிக்கவும் செய்யும். புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ 1993-ல் படப்பிடிப்பில் செத்தது எப்படி? பிரைமர் எடுக்காத டம்மி தோட்டாவின் குண்டு குழலில் சிக்கியிருந்தது, யாரும் பார்க்கவில்லை. பிறகு போட்ட வெற்றுத் தோட்டா அதைத் தள்ளிவிட்டது. 28 வயது. வெலிங்டனில் பட்டாளப் பயிற்சியில் எங்கள் உஸ்தாத் ‘டப்’ கேட்டவனை அடுத்த ரவுண்டைத் தொடவே விடமாட்டார். போல்ட்டைக் கழற்றி, கம்பி விட்டுப் பார்த்த பிறகுதான் மறுபேச்சு. வாய்ப்பக்கமாகக் கண்ணை வைத்துப் பார்ப்பவனுக்கு அவர் கொடுத்ததை எழுத முடியாது.

50 மீட்டரா, 10 மீட்டர் ஏர் ரைபிளா என்று கேட்டிருந்தாய். உன் இஷ்டம்தான், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஏர் ரைபிளில் மருந்தே கிடையாது, ஹேங்ஃபயர் என்ற பேச்சே இல்லை. அபினவ் பிந்த்ரா 2008 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது அதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதுதான். பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டரில்தானே வெண்கலம் வாங்கினார் என்பாய். வாங்கினார், சரி. அவர் வீட்டு மாமாவுக்கு யார் தூக்கம் கொடுத்தார்களோ.

கோபித்துக்கொள்ளாதே கண்ணு. உன்னைப் போல நிதானமாக மூச்சை அடக்கிச் சுடும் பிள்ளையை நான் பட்டாளத்திலும் கண்டதில்லை. எதை எடுத்தாலும் நன்றாக வருவாய். நல்ல பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள், பணம் அனுப்புகிறேன். விலையைப் பார்க்காதே. மாமி அதிரசம் சுட்டு வைத்திருக்கிறாள்; அடுத்த வாரம் உன் அத்தான் அந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். கூட ஒரு டப்பா முறுக்கும் வரும், ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் கொடு.

அன்புடன்,
மாமா